அந்த முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி இதுதான். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், வயது 29. கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்து 5 வருஷம். கணவருக்குத் துபாயில் வேலை. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஊரில் இருந்தார், அதன் பிறகு மூன்று தடவை 45 நாள் லீவில் வந்து போனார். 3 வயதில் ஒரு மகள். கடந்த 8 மாதமாக இவர் பிறந்த வீட்டில் இருக்கிறார். போட்டுவிட்ட 40 பவுனில் பெரும்பகுதி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், 3 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி நகை பற்றியோ செலவு பற்றியோ எந்தப் பேச்சும் இல்லை என்று அதில் இருக்கிறது. "எங்கள் கல்யாணம் ஏன் இப்படி ஆனது? இதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். போடாதீர்கள்.

முத்திரைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்யாணம் தீர்ந்துவிடாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே முடிக்கும். சமுதாய வழக்கப்படி அத்துவிடும் முறைக்கு அந்தச் சட்டத்தின் 29(2) பிரிவு இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்துவருகிறது என்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. நம் பக்கத்தில் இந்தத் தாளை நம்புகிறவர்கள் அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1956 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே சில சமுதாயங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன, பத்திரம் பதிந்து உறவை முடித்துக்கொள்ளும் வழியும் அவற்றில் இருந்தது. அந்தப் பழைய நினைவில்தான் பெரியவர்கள் "எழுதி வாங்கிடுவோம்" என்கிறார்கள். இந்தத் தாளை நம்பி நீங்களோ அவரோ மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, முதல் துணை உயிரோடிருக்க இன்னொரு கல்யாணம் செய்த குற்றமும் வந்து சேரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒரு சிறிய சொல்லில் இருக்கிறது: "மனமொத்து". ஜீவனாம்சம் கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 144-ஆம் பிரிவாக ஆகியிருக்கிறது. கணவனும் மனைவியும் இருவருடைய சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு மாதச் செலவு கிடையாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆக, அந்தத் தாள் உங்களுக்கு விவாகரத்தும் வாங்கித் தராது, நீங்கள் செலவு கேட்டுப் போனால் உங்களுக்கு எதிராகவும் நீட்டப்படும். மகளின் செலவு மட்டும் தனி. குழந்தைக்குரியதைத் தாய் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது.

இனி, ஏன் இப்படி ஆனது என்பது.

நீங்கள் கொடுத்த கணக்கையே கூட்டிப் பாருங்கள். முதல் மாதம் 30 நாள், மூன்று லீவு சேர்ந்து 135 நாள், ஆக மொத்தம் 165. ஐந்து வருஷம் என்பது 1,825 நாள். இந்த 165 நாளிலும் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், விமான நிலையத்துக்குப் போய்வந்த நாட்களைக் கழித்தால், ஒருவருடைய கோபம் எப்படி வரும், எப்படித் தணியும் என்று மற்றவர் பார்த்துப் பழக உங்களுக்கு நாளே இருக்கவில்லை. குடும்பம் என்று நீங்கள் நடத்தியது மாமியார் மாமனாரோடுதான், கணவரோடு அல்ல. வளைகுடா வேலையில் இருக்கும் பல வீடுகளில் முதல் விரிசல் இங்கேதான் விழுகிறது. அவர் அனுப்பும் பணம் அப்பா கணக்குக்குப் போகும். பால் பவுடருக்கும் குழந்தையின் ஊசிக்கும் மருமகள் மாமனாரிடம் கை நீட்ட வேண்டும். அதை அவரிடம் போனில் சொன்னால் "வீட்டில் அனுசரித்துப் போ" என்பார். அவருக்கு அது ஒரு வாக்கியம், உங்களுக்கு அதுதான் அன்றாடம். அங்கே எட்டுப் பேர் அறையில் கட்டிலுக்கு மேலே துணி காயப்போட்டுக்கொண்டு, வட்டிக் கணக்கை யோசித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஊரிலிருந்து வரும் போன் எல்லாமே புகாராகத்தான் கேட்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் களைப்பு, நடுவில் கைப்பேசித் திரை.

தம்பதியர் பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உறவு முறியப்போவதைக் காட்டும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார். நடந்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதைச் சொன்னாலும் தற்காத்துப் பேசுவது, வாயடைத்துக்கொள்வது. இவற்றில் மோசமானது இளக்காரம். "பால் வாங்கப் பணம் வரவில்லை" என்றால் அது காரியத்தைப் பற்றிய பேச்சு. "உங்க வீட்டில் யாருக்காவது பொண்டாட்டி பிள்ளையைக் காப்பாத்தத் தெரியுமா" என்றால் அது இளக்காரம். "உன் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி" என்பதும் அதே இனம்தான். இன்றைக்கு வாயடைப்பு என்பது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராத மூன்று நாள். உங்கள் பழைய குரல் செய்திகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் பேச்சு காரியத்திலிருந்து ஆளை நோக்கித் திரும்பியது என்று உங்களுக்கே பிடிபடும். உங்கள் குரலிலும் அது இருக்கும். பயப்படாமல் கேளுங்கள்.

எல்லைப் பக்கத்துச் சம்பந்தங்களில் மொழியும் ஓரளவு சேர்ந்துகொள்ளும். பாறசாலைப் பக்கம் தமிழ் தெரியாத வீடு குறைவுதான், இருந்தாலும் மருமகள் உள்ளே வந்ததும் பேச்சு மலையாளத்துக்கு மாறினால் அவளுக்கு அது கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். கல்யாணம் இதனால் உடையாது, ஆனால் உடைகிற கல்யாணத்தில் இந்த வலி நினைவில் நின்றுவிடும்.

நகைதான் உங்கள் விஷயத்தில் நடுநாயகம். நம் மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் பவுன் கணக்கு பேசாமல் சம்பந்தம் முடிவது அபூர்வம். போட்ட நகை "பத்திரமாக இருக்கட்டும்" என்று மாமியார் பீரோவுக்குப் போகும். அங்கிருந்து நாத்தனார் கல்யாணத்துக்கோ வீட்டு மாடி கட்டவோ அடகுக் கடைக்குப் போகும். வட்டி கட்டாமல் ஏலத்துக்குப் போன பிறகுதான் மருமகளுக்குத் தெரியவரும். அவள் கணக்குக் கேட்டால் "எங்களை நம்பவில்லையா" என்ற கேள்வி வரும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு என்று கொடுத்தது அவளுடைய தனிச் சொத்து, கணவனுக்குக்கூட அதில் பங்கு கிடையாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. பாதுகாப்புக்கு என்று வாங்கிவைத்துக்கொண்ட 89 பவுனுக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உங்கள் 40 பவுன் என்பது 320 கிராம். அதன் பக்கத்தில் அந்த 3 லட்சத்தை வைத்துப் பாருங்கள்.

ஆகவே இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். நிச்சயப் படம், கல்யாண ஆல்பம், மறுவீட்டுப் படம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். காசுமாலை, நெக்லஸ், வளையல் இத்தனை ஜோடி, ஜிமிக்கி, மோதிரம். ஒவ்வொன்றுக்கும் எடை, கடை ரசீது இருக்கிறதா, கடைசியாக எப்போது போட்டீர்கள், யார் கையில் கொடுத்தீர்கள், அப்போது கூட இருந்தது யார். மகளுக்கு 28-ஆம் நாள் கட்டின அரைஞாணும் வளையும் தனிப் பக்கத்தில் வரட்டும், அவை அவளுடையவை. ரசீது தொலைந்திருந்தால் வாங்கிய தேதியைச் சொல்லிக் கடையில் நகல் கேளுங்கள். "நகையை அம்மாட்ட குடுத்துடு" என்று அவர் எப்போதோ அனுப்பிய ஒரு வரிச் செய்தி இருந்தால் அதுதான் இந்த வழக்கில் உயிர்நாடி. பழைய போனை மாற்றிவிடாதீர்கள். படம்பிடித்து, தேதி தெரியும்படி வேறு இடத்திலும் சேமித்து வையுங்கள். பேச்சுவார்த்தையில் நகையை எடையாகக் கேளுங்கள், ரூபாயாகக் கேட்காதீர்கள். வழக்கு இழுக்கும் காலத்தில் விலை எங்கேயோ போயிருக்கும்.

அடி, குடித்துவிட்டு மிரட்டல், கழுத்தைப் பிடித்தல் போன்றவை இருந்திருந்தால் நான் மேலே சொன்ன பேச்சு, பழக்கம் எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றவை. 181 மகளிர் உதவி எண். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால் அவர் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். இருக்க இடம், மாதச் செலவு, நெருங்கக் கூடாது என்ற உத்தரவு மூன்றையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லாததால், ஒட்டவைக்க முடியுமா என்பதையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு மூன்று மாதம் போதும். வாரம் ஒரு தடவை நீங்கள் இருவர் மட்டும் பேச வேண்டும். பக்கத்தில் உங்கள் அம்மாவும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம், அங்கே அவருடைய அப்பாவும் வேண்டாம். பெரியவர்கள் கூடிப் பேசும்போது ஒவ்வொரு கூட்டத்திலும் பழைய வார்த்தை ஒன்று புதிதாகச் சொல்லப்பட்டு, ஊரறிய ஆனதால் திரும்ப எடுக்க முடியாமல் போய்விடுகிறது. இருவர் பேச்சில் இரண்டு காரியங்களுக்கு விடை வேண்டும். நகை எங்கே, எப்போது திரும்பும்? இனி எங்கே குடியிருப்பது, தனி வீடா, குடும்ப விசாவா? இரண்டுக்கும் தேதியோடு பதில் வந்தால் உயிர் இருக்கிறது. "பார்க்கலாம்" என்றே மூன்று மாதமும் ஓடினால் அதுவும் பதில்தான்.

பிரிந்தால் என்ன ஆகும்? 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கை மாற்றங்களின் பாரத்தை அளவிட்டுப் பட்டியல் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100 என்றால் விவாகரத்துக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65. ஆகவே தூக்கம் போவதும், சாப்பாடு இறங்காததும், அவர்மேல் வெறுப்பும் ஏக்கமும் ஒரே மணி நேரத்தில் மாறிமாறி வருவதும் உங்கள் பலவீனத்தால் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் 14416-இல் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். ஆண்களுக்கு இது வேறு மாதிரி வரும். அழ இடமில்லாமல் குடியில் இறங்குகிறவர்கள் உண்டு, குழந்தையைப் பார்க்கக் கூச்சப்பட்டு மெல்ல மெல்ல விலகிப்போகிறவர்கள் உண்டு. அந்த விலகலைப் பாசமில்லாமை என்று பெண் வீட்டார் எடுத்துக்கொள்வது பல நேரம் தவறு.

நான் அதிகம் அஞ்சுவது விவாகரத்தைப் பார்த்து அல்ல, நடுவில் தொங்குவதைப் பார்த்துத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுவதும் விவாகரத்தானவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம், விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 35 லட்சம். பிரிந்தவர்களில் பெரும்பாலோர் எந்தக் காகிதமும் இல்லாமல் இருக்கிறார்கள். அப்படி இருப்பவருக்கு மாதச் செலவு உத்தரவும் இல்லை, மறுமணமும் இல்லை, பள்ளிப் படிவத்தில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் எழுத ஒரு முகவரிகூட இல்லை. உங்களுக்கு எல்லைச் சிக்கல் வேறு இருக்கிறது. உங்கள் பெயர் கேரள ரேஷன் கார்டில் இருந்தால் அங்கே நீக்கி வாங்கினால்தான் இங்கே சேர்க்க முடியும்.

அதனால் சேர்வதோ பிரிவதோ, எதுவானாலும் காகிதத்தில் வரட்டும். இருவர் சம்மதத்தோடு விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. மனுப் போடும் முன் ஒரு வருஷம் கணவன் மனைவியாக வாழாமல் இருந்திருக்க வேண்டும். அவர் வேலைக்காகத் துபாயில் இருந்த காலத்தை இதில் சேர்க்காதீர்கள், உறவு அறுந்து நீங்கள் வந்த நாளிலிருந்துதான் கணக்கு. உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. முதல் மனுவுக்குப் பிறகு 6 மாதம் காத்திருப்பு, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால் முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், செலவும் குழந்தையும் பேசி முடிந்திருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன் எந்த நிமிஷமும் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முழுப் பணத்தையும் நகையையும் முதல் நாளே கொடுத்துவிடுவதும் தவறு, எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு விடுவதும் தவறு. பாதி முதல் மனுவன்று, மீதி இரண்டாவது சம்மதத்தன்று நீதிமன்றத்திலேயே வரைவோலையாக, நகை எடை போட்டு ரசீதோடு. அவர் வர முடியாவிட்டால் வீடியோ வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். பவர் பத்திரம் அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டு வாய்தா வாங்குகிறவர்கள் அதிகம்.

எங்கே போடுவது என்பது எல்லையில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். மனைவி மனுதாரர் என்றால் அவள் இப்போது வசிக்கும் இடத்திலேயே போடலாம். நீங்கள் சும்மா இருக்கும்போது, நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று சொல்லி அவர்கள் கேரள நீதிமன்றத்தில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட வேண்டும். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், ஆனால் ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் அதிகாரமில்லை, எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. டெல்லி உச்ச நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். தாலுகா நீதிமன்ற வளாகத்துச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100.

இதைப் படிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இரண்டு வரி. சபையோ மறைமாவட்டத் தீர்ப்பாயமோ கல்யாணம் செல்லாது என்று சொன்னாலும் சட்டப்படி அது விவாகரத்து ஆகாது, நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். சம்மத விவாகரத்துக்குச் சட்டப் புத்தகத்தில் 2 வருஷப் பிரிவு என்று இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை 1 வருஷமாகக் குறைத்துப் படித்தது, 2022-இல் அந்த 1 வருஷக் கட்டாயமும் செல்லாது என்றது. எல்லையின் எந்தப் பக்கம் மனுப் போடுகிறீர்கள் என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக மகள். 5 வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் என்பதுதான் சட்டம், அதனால் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பதற வேண்டாம். பிள்ளைகளைக் கெடுப்பது பிரிவைவிட, பிரிந்தபின் தொடரும் சண்டைதான். மூன்று வயதுக் குழந்தை காரணம் கேட்காது. விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரும், நீங்கள் கடைக்குப் போனாலும் காலைக் கட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டியது ஒழுங்கு. அப்பா கூப்பிடும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். இங்கே இரவு 7.30 என்றால் துபாயில் 6 மணி, அவர் வேலை முடிந்து வந்திருப்பார். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நகையும் வக்கீலும் வரக் கூடாது. லீவில் அவர் வரும்போது குழந்தையை எல்லையிலுள்ள களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் கைமாற்றாதீர்கள். இரண்டு வீட்டு ஆட்களும் அங்கே நின்றால் வாய் வார்த்தை முற்றும், பார்த்துக்கொண்டு நிற்பது அவள். அவளுக்குப் பழகிய ஒரு வீட்டில், இரு தரப்புக்கும் வேண்டிய ஓர் அத்தையோ சித்தியோ இருக்கும்போது, இத்தனை மணிக்கு விட்டு இத்தனை மணிக்கு எடுப்பது என்று எழுதி வையுங்கள். 13பி ஒப்பந்தத்தில் இந்த நேரங்களும், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்பதும், மாதச் செலவு ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதும், பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போடுவார் என்பதும் தனித்தனி வரியாக வர வேண்டும். "குழந்தையை இருவரும் பார்த்துக்கொள்வோம்" என்ற ஒற்றை வரியோடு வரைவு வந்தால் திருப்பிக் கொடுத்து எழுதிவரச் சொல்லுங்கள்.